பின்வரிசையும் கடைசிக் கிண்ணமும்: அலபாமா, 1965

கிறிஸ்தவரைப் பிற மதத்தார் அடித்தால் அதற்கு 'உபத்திரவம்' என்று பெயர். ஜெபக்கூட்டம் கூட்டுவார்கள், காணிக்கை எடுப்பார்கள், வாலிபர்களை உபவாசம் இருக்கச் சொல்வார்கள். கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே அடித்தால்? அதற்குச் சபைகளில் வேறு பெயர்கள் உண்டு. 'ஊர்ப் பிரச்சினை' என்பார்கள், 'குடும்பச் சண்டை' என்பார்கள், 'காலங்காலமாக இருக்கிற ஒழுங்கு' என்பார்கள். அதற்காக உபவாசம் இருந்த வாலிபர் கூட்டம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படி ஒரு ஒழுங்கை எதிர்த்து, தன் சொந்தச் சபையின் வாசலிலேயே போய் நின்ற ஓர் இளைஞனின் வரலாறு இது. 1965இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது. பெயர் ஜோனாதன் டேனியல்ஸ். வயது 26. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையின் இறையியல் மாணவன், வெள்ளையன். அவன் எப்படிச் செத்தான் என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எப்படிச் செத்தான் என்பதைவிட, சாவதற்கு முந்தைய ஐந்து மாதம் என்ன செய்தான் என்பதுதான் நமக்கு வேண்டியது. அவன் யாருக்காகப் போனானோ அந்த மக்கள் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அதைவிட முக்கியம். அங்கிருந்தே தொடங்குவோம்.

அலபாமாவின் கறுப்பின மக்கள் பக்தியில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அடிமைகளாக இருந்த காலத்திலேயே கிறிஸ்தவர்களானவர்களின் வழிவந்தவர்கள். வெள்ளையர் கோயில்களில் மாடத்திலும் பின்வரிசையிலும் உட்காரவைக்கப்பட்டு, பொறுக்க முடியாமல் தங்களுக்கென்று தனிச் சபைகளைக் கட்டிக்கொண்டவர்கள். 1950களிலும் 60களிலும் வாக்குரிமைக் கூட்டம் நடத்த அவர்களுக்கு இருந்த ஒரே பொது இடம் கோயில்தான். அதனாலேயே கோயில்கள் எரிந்தன, கோயில்களில் வெடிகுண்டு வெடித்தது. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்காம் நகரின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் கோயிலில் வெடித்த குண்டு, ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகளைக் கொன்றது. மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. குண்டு வைத்தவர்கள் கு க்ளக்ஸ் கிளான் ஆட்கள். அந்த அமைப்பின் அடையாளம் எரியும் சிலுவை. சிலுவையைக் கும்பிடுகிறவர்களைச் சிலுவையைக் கொளுத்தி மிரட்டினார்கள். இது மதச் சண்டை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1965 பிப்ரவரி 18 இரவு, மேரியன் என்ற சிற்றூரில் ஒரு கோயிலிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பிய கறுப்பின மக்களை மாநிலக் காவலர்கள் அடித்து விரட்டினார்கள். சிலர் பக்கத்திலிருந்த காப்பிக் கடைக்குள் ஓடி ஒளிந்தார்கள். காவலர்கள் உள்ளேயும் புகுந்தார்கள். தன் தாயையும் 82 வயதுத் தாத்தாவையும் அடியிலிருந்து காக்கக் குறுக்கே போன ஜிம்மி லீ ஜாக்சனை ஒரு காவலர் வயிற்றில் சுட்டார். எட்டு நாள் கழித்து ஜாக்சன் இறந்துபோனார். அவர் ஒரு பாப்டிஸ்ட் சபையின் டீக்கன். திரும்பத் திரும்ப வாக்காளராகப் பதியப் போய், திரும்பத் திரும்ப விரட்டப்பட்டவர். வயது 26. இந்தப் பெயரையும் வயதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்சனின் சாவுதான் செல்மா நடைப்பயணத்துக்குக் காரணம். மார்ச் 7 அன்று செல்மாவின் பாலத்தில் ஊர்வலத்தார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மார்ட்டின் லூதர் கிங் எல்லாச் சபைப் போதகர்களையும் செல்மாவுக்கு வரச் சொல்லி அழைத்தார். அந்த அழைப்பு மாசச்சூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த எபிஸ்கோப்பல் இறையியல் கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்தது.

டேனியல்ஸ் கறுப்பின மக்களைப் பார்த்தே வளர்ந்தவன் அல்ல. கீன் என்ற சிறுநகரத்து டாக்டரின் மகன். வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்து, வகுப்பின் சார்பில் விடைபெறும் உரை நிகழ்த்தியவன். பிறகு ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம். 1962 ஈஸ்டர் ஆராதனையில் மனம் மாறி, அடுத்த ஆண்டு இறையியல் கல்லூரியில் சேர்ந்தான். கிங்கின் அழைப்பு வந்தபோது முதலில் அவனுக்குப் போக மனமில்லை. படிப்பு இருக்கிறது, பணம் இல்லை, போய் என்ன ஆகப்போகிறது என்று ஆயிரம் யோசனை. அன்று மாலை ஜெபத்தில் மரியாளின் பாடலைப் பாடினார்கள். ஆங்கிலிக்கன் மரபில் தினமும் பாடுகிற பாட்டுத்தான். ஆதிக்கக்காரர்களைக் கீழே இறக்கி, ஒடுக்கப்பட்டவர்களைத் தூக்கி நிறுத்துகிற கடவுளைப் பற்றி ஓர் ஏழைப் பெண் பாடுவது. எத்தனையோ முறை வாயால் பாடியதை அன்றுதான் காதால் கேட்டதாகப் பின்னாளில் அவன் எழுதினான். கிளம்பிவிட்டான்.

திட்டமெல்லாம் ஒரு வாரக் கடைசிக்குத்தான். வடக்கிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வந்து, நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். டேனியல்ஸும் உடன் வந்த மாணவி ஜூடித் அப்பமும் ஊர் திரும்பும் பேருந்தைத் தவறவிட்டார்கள். பேருந்து போன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது: நமக்குத் திரும்பிப்போக ஒரு பேருந்து இருக்கிறது, இங்கிருப்பவர்களுக்கு இல்லை. கல்லூரிக்குப் போய் அனுமதி கேட்டார்கள். மீதிப் பருவத்தைச் செல்மாவில் இருந்துகொண்டே படித்து முடிப்பதாகச் சொல்லித் திரும்பி வந்தார்கள்.

இருவரும் தங்கியது பிரவுன் சேப்பல் கோயிலை ஒட்டிய கார்வர் குடியிருப்பில், கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில். டேனியல்ஸ் இருந்த வெஸ்ட் குடும்பத்துச் சிறுமி ரேச்சல் பின்னாளில் தன் தோழி ஷெயான் வெப்புடன் சேர்ந்து அந்த நாட்களைப் புத்தகமாகச் சொன்னார். இடமில்லாத வீட்டில் இடம் கொடுத்தார்கள், உணவில் பங்கு கொடுத்தார்கள், வெள்ளையருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கு வரக்கூடிய ஆபத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். தியாகம் என்று பேசினால் அந்த வீட்டுக்காரர்களின் கணக்கையும் எழுத வேண்டும். சேரியில் வந்து தங்கிய பெரிய மனிதர்களைப் பற்றி நம்மூரில் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. தங்க இடம் கொடுத்து, அவர்கள் போன பிறகு அடி வாங்கிய வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இருக்காது.

இனி அந்தக் கோயில் கதை. செல்மாவில் எபிஸ்கோப்பல் திருச்சபைக்கு ஒரு கோயில் இருந்தது, தூய பவுல் கோயில். முழுக்க வெள்ளையர் சபை, ஊரின் பெரிய மனிதர்கள் உறுப்பினர்கள். இனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஆராதனையிலிருந்து விலக்கக் கூடாது என்று அந்தத் திருச்சபை தன் சட்டத்தில் 1964இல்தான் எழுதியிருந்தது. சட்டம் எழுதுவது பெரிய காரியம் அல்ல என்பது நமக்குத் தெரியும். நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

டேனியல்ஸும் அப்பமும் மற்ற மாணவர்களும் கறுப்பின இளைஞர்களுடன் சேர்ந்து அந்தக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போனார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு உடுத்திக்கொண்டு ஜெபிக்கப் போனார்கள், அவ்வளவே. வாசலில் நின்ற பொறுப்பாளர்கள் மறித்தார்கள். வெள்ளை மாணவர்கள் மட்டும் வரலாம் என்றால் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே வெளியே நின்றார்கள். வாரங்கள் போயின. மார்ச் கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆனால் எங்கே உட்காரவைத்தார்கள் தெரியுமா? பின்வரிசையில். திருவிருந்துக்கு எப்போது அழைத்தார்கள்? வெள்ளையர் எல்லோரும் எடுத்து முடித்த பிறகு, கடைசியாக. காரணம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. திருவிருந்தில் ஒரே கிண்ணம். கறுப்பு உதடு பட்ட கிண்ணத்தில் வெள்ளை உதடு படக் கூடாது.

'உள்ளே விட்டுவிட்டார்கள், இனி என்ன?' என்று அதோடு விட்டிருந்தால் அவன் நல்ல பையன் என்று பெயர் எடுத்திருப்பான். இருவரும் அலபாமா பேராயர் கார்ப்பென்டருக்கே கடிதம் எழுதினார்கள்: இது திருவிருந்து அல்ல, தீண்டாமை என்ற பொருளில். கார்ப்பென்டர் யார் என்று ஞாபகப்படுத்துகிறேன். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம் எட்டு வெள்ளை மதத் தலைவர்களுக்குப் பதிலாக எழுதப்பட்டது. 'போராட்டம் வேண்டாம், பொறுத்திருங்கள்' என்று அறிக்கை விட்ட அந்த எட்டுப் பேரில் ஒருவர் இந்தப் பேராயர். குருவாவதற்குப் பேராயர் ஒருவரின் கையைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒரு மாணவன், இன்னொரு பேராயரை எதிர்த்து எழுதுகிறான். குருமடத்தில் படித்த தலித் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள், அதற்கு என்ன விலை என்று சொல்வார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நிற்பது ஒரு நொடி. தன்னை வளர்த்த சபையில் வாராவாரம் வேண்டாத ஆளாகப் போய் உட்காருவது வேறு வகைத் துணிச்சல். டேனியல்ஸின் தியாகம் என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்.

கிண்ணத்தின் கதை தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்க முடியாது. அதே ஆங்கிலிக்கன் திருச்சபைதான் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் இருந்தது. தனித்தனி இருக்கை, திருவிருந்தில் முதலில் யார், பிறகு யார் என்கிற அதே வரிசை அங்கேயும் இருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனடியாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கிறிஸ்துவை வேண்டுமானால் விடுவோம், வரிசையை விடமாட்டோம் என்கிற அளவுக்குப் போய், கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். கத்தோலிக்கத் தரப்பு மட்டும் சளைத்ததா? வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே இரண்டு கால் வைத்துக் கட்டினார்கள். 1910இல் நடுவிலிருந்த தடுப்பை எடுத்ததற்கு எதிராக நீதிமன்றத்துக்கே போனார்கள். செல்மாவின் பின்வரிசையைப் படிக்கும்போது 'அமெரிக்காவில் இப்படியா?' என்று வியக்கிற உரிமை நமக்கு இல்லை.

மே மாதம் கேம்பிரிட்ஜ் போய்த் தேர்வு எழுதிவிட்டு, ஜூலையில் டேனியல்ஸ் திரும்பவும் அலபாமா வந்தான். இந்த முறை செல்மாவோடு நிற்கவில்லை. பக்கத்து லவுண்ட்ஸ் மாவட்டத்துக்குப் போனான்.

லவுண்ட்ஸைச் சுருக்கமாகச் சொன்னால், 'ரத்த லவுண்ட்ஸ்' என்பது அதன் பட்டப்பெயர். மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பின மக்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் பூஜ்ஜியம். வெள்ளையரில் தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கையைவிடப் பதிவானவர்களின் எண்ணிக்கை அதிகம். செத்தவர்களும் அங்கே ஓட்டுப் போட்டார்கள் போல. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பின மக்களுடையது, கணக்குப் புத்தகம் வெள்ளையர் கையில். மார்ச் மாதம் ஜான் ஹுலெட் உள்ளிட்ட சிலர் சேர்ந்து அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: மனித உரிமைகளுக்கான லவுண்ட்ஸ் மாவட்டக் கிறிஸ்தவ இயக்கம். அதே மாதக் கடைசியில், இந்த மாவட்டத்துச் சாலையில்தான் நடைப்பயணத்தாருக்குக் காரோட்டி உதவிய வயோலா லியுஸோ என்ற வெள்ளைப் பெண்ணைக் கிளான் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். பெயரைப் பதிந்த குற்றத்துக்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் அந்த ஆண்டு டிசம்பர் முதல் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்தன. குளிரில், குழந்தைகளோடு, இரவில் சுட்டுவிட்டுப் போகிற கார்களுக்கு நடுவில். ஓட்டுக்காக ஊர்விலக்கம் என்பது எப்படியிருக்கும் என்று பாப்பாபட்டி, கீரிப்பட்டிப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கே வேலை செய்துகொண்டிருந்தது 'ஸ்னிக்' என்று அழைக்கப்பட்ட மாணவர் அமைப்பு. பொறுப்பாளர் ஸ்டோக்லி கார்மைக்கேல், வயது 24. டேனியல்ஸ் வருவதை அவர் விரும்பவில்லை. ஒரு வெள்ளையன் கூட இருந்தால் கிளான் ஆட்களின் கண்ணுக்கு எல்லோரும் தெரிவார்கள், ஆபத்து கறுப்பின மக்களுக்குத்தான் கூடும் என்பது அவர் வாதம். சரியான வாதம். நாம் போய் நின்றாலே அது உதவி என்று நினைக்கிற ஆதரவாளர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய வாதமும்கூட. டேனியல்ஸ் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. கார்மைக்கேலுக்கு நண்பனானான், சொன்ன வேலையைச் செய்தான்.

ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அடுத்த சில நாட்களில் மத்திய அரசின் பதிவு அதிகாரிகள் லவுண்ட்ஸின் ஃபோர்ட் டெபாசிட் ஊருக்கு வந்தார்கள். உள்ளூர்க் கறுப்பின இளைஞர்களுக்கோ ஓட்டு மட்டும் போதவில்லை. தங்களைக் கேவலப்படுத்துகிற கடைகளுக்கு முன்னால் மறியல் செய்வோம் என்றார்கள். ஸ்னிக் தயங்கியது, கிளான் ஊர் அது. பிள்ளைகள் கேட்கவில்லை. ஆகஸ்ட் 14, சனிக்கிழமை மறியல் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே கைது. பெரும்பாலும் பதின்வயதினர். டேனியல்ஸும், சிகாகோவிலிருந்து வந்த ரிச்சர்ட் மோரிஸ்ரோ என்ற இளம் கத்தோலிக்கக் குருவும், கார்மைக்கேலும் அவர்களோடு இருந்தார்கள். மொத்தக் கூட்டத்தையும் குப்பை லாரியில் ஏற்றி மாவட்டத் தலைநகர் ஹெய்ன்வில்லின் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குப்பை லாரி. மனிதரைக் குப்பையாக நினைப்பவன் வண்டியைக்கூட யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறான்.

ஆறு நாள். ஆகஸ்ட் வெயில், காற்றில்லாத அறைகள், நாறும் கழிப்பிடம். டேனியல்ஸுக்குச் சபை அமைப்பு வழியாக ஜாமீன் பணம் வந்தது. எல்லோருக்கும் ஜாமீன் கிடைக்காமல் நான் மட்டும் வெளியே வரமாட்டேன் என்று மறுத்துவிட்டான். உள்ளே பாட்டு, ஜெபம், பகிர்ந்துகொண்ட உணவு. கூட இருந்தவர்களில் ஒருத்தி ரூபி சேல்ஸ், டஸ்கீகி கல்லூரி மாணவி, வயது 17. செல்மாவின் அந்தப் பெரிய கோயிலில் கிடைக்காத சமபந்தி ஹெய்ன்வில் சிறையில் கிடைத்தது.

ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை பிற்பகல். திடீரென்று, ஜாமீன் இல்லாமலே எல்லோரையும் விடுவித்து, சிறை வளாகத்தைவிட்டு உடனே வெளியேறச் சொன்னார்கள். அழைத்துப்போக வண்டி இல்லை. இது எதற்கான ஏற்பாடு என்று பலருக்கும் சந்தேகம். சாலையில் காத்திருக்கும்போது நான்கு பேர் குளிர்பானம் வாங்கப் பக்கத்துக் கடைக்கு நடந்தார்கள்: டேனியல்ஸ், மோரிஸ்ரோ, ரூபி சேல்ஸ், ஃபோர்ட் டெபாசிட் இளம்பெண் ஜாய்ஸ் பெய்லி. கறுப்பின மக்களுக்கும் பொருள் விற்கும் கடைதான் அது. வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் டாம் கோல்மன். நெடுஞ்சாலைத் துறை ஊழியர், ஷெரீப்பின் சிறப்புத் துணைக் காவலரும்கூட. கடை மூடியிருக்கிறது, போகாவிட்டால் சுடுவேன் என்றபடி, முன்னால் நின்ற ரூபியை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார். டேனியல்ஸ் ரூபியைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டுத் தான் குறுக்கே வந்தான். மார்பில் குண்டு. அங்கேயே இறந்தான். ஜாய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய மோரிஸ்ரோவை முதுகில் சுட்டார் கோல்மன். நீண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் பிழைத்தார்.

வழக்கு நடந்த விதத்தை நான் விவரிக்கவே வேண்டாம், நம்மூர்த் தீர்ப்புகள் நாலைந்தைப் படித்தவர்களே சொல்லிவிடுவார்கள். கொலைக் குற்றச்சாட்டு, கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைக்கப்பட்டது. முக்கியச் சாட்சியான மோரிஸ்ரோ மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார், வழக்கை ஒத்திவைக்க நீதிபதி மறுத்தார். டேனியல்ஸிடம் கத்தி இருந்தது, குருவிடம் துப்பாக்கி இருந்தது என்றார்கள். அப்படி எந்த ஆயுதமும் கண்டெடுக்கப்படவில்லை. ஜூரியில் 12 வெள்ளை ஆண்கள். செப்டம்பர் 30 அன்று கோல்மன் விடுதலை. ஜூரிகள் அவரோடு கை குலுக்கிவிட்டுப் போனார்கள். 1997இல் சாகும்வரை அவரை யாரும் திரும்பக் கூண்டில் ஏற்றவில்லை.

அந்த நீதிமன்றத்துக்குள் ரூபி சேல்ஸ் நடந்து போனாள். கொலை மிரட்டல்கள் வந்தபடி இருந்தன. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பேச்சே நின்றுபோயிருந்த பெண், சாட்சிக் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னாள். எதிரே அத்தனையும் வெள்ளை முகங்கள். விடுதலைதான் தீர்ப்பு என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் சொன்னாள். வெண்மணிக்கும் மேலவளவுக்கும் சாட்சி சொல்லப் போனவர்களை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள். பிற்காலத்தில் அவர் டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரியில் படித்தார். 'ஸ்பிரிட்ஹவுஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி நீதிக்கான வேலையில் வாழ்நாளைச் செலவிட்டார். அவளைக் காப்பாற்றினான் என்று ஒரே வாக்கியத்தில் அடைக்கப்படுகிற பெண் அல்ல ரூபி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எபிஸ்கோப்பல் திருச்சபை 1991இல் டேனியல்ஸைத் தன் நினைவுநாள் பட்டியலில் சேர்த்தது. கைதான ஆகஸ்ட் 14 அவனுக்கான நாள். சேர்த்தது சரிதான். ஆனால் ஜிம்மி லீ ஜாக்சனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதே 26 வயது. அதே ஆண்டு. அதே போல இன்னொருவருக்காகக் குறுக்கே போய் வாங்கிய குண்டு. ஜாக்சன் இறந்தபோது வெள்ளை மாளிகையிலிருந்து யாரும் அவர் தாயைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துச் செல்மாவில் வெள்ளைப் போதகர் ஜேம்ஸ் ரீப் அடித்துக் கொல்லப்பட்டபோது, ஜனாதிபதி ஜான்சனே அவர் மனைவியிடம் பேசினார், நாடெங்கும் அஞ்சலிக் கூட்டம். கார்மைக்கேல் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே கேட்டார். டேனியல்ஸ் செத்து ஐந்து மாதத்துக்குள், 1966 ஜனவரி 3 அன்று, 21 வயதுக் கறுப்பின மாணவர் சாமுவேல் யங், டஸ்கீகியில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டவருக்கும் விடுதலைதான். ஜாக்சனைச் சுட்ட காவலர் 2010இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு மாதச் சிறை. டேனியல்ஸுக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன். தன்னை மட்டும் விடுவிக்கிற ஜாமீனை மறுத்தவனுக்கு, தன்னை மட்டும் கொண்டாடுகிற நினைவுநாள் பிடித்திருக்காது. அலபாமாவில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் யாத்திரை இதை ஓரளவு உணர்ந்து, அவன் பெயரோடு 'அலபாமா இரத்தசாட்சிகள்' என்பதையும் சேர்த்திருக்கிறது. கோல்மனை விடுவித்த அதே நீதிமன்ற அறையில் திருவிருந்து நடக்கிறது, நீதிபதியின் மேசைதான் பலிபீடம்.

சாவுக்குப் பின் நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, லவுண்ட்ஸ் ஜூரிகளைத் தேர்ந்தெடுத்த முறையையே எதிர்த்துக் கார்டினியா வைட் என்ற உள்ளூர்க் கறுப்பினப் பெண் முதலானோர் தொடுத்த வழக்கு. கறுப்பின மக்களையும் பெண்களையும் ஜூரியிலிருந்து விலக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1966 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாதத்தைக் கட்டியவர்களில் ஒருவர் பாலி மரே, கறுப்பின வழக்கறிஞர். 1977இல் எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் குருவானவரும் இவரே. செல்மாவில் கறுப்பு உதட்டுக்குக் கடைசியாகக் கொடுத்த கிண்ணத்தை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே திருச்சபையில் ஒரு கறுப்பினப் பெண் கையில் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

இன்னொன்று நம் வீட்டு வாசல்வரை வருகிறது. நண்பனைப் புதைத்துவிட்டு வந்த கார்மைக்கேலும் லவுண்ட்ஸ் மக்களும், இரண்டு பெரிய கட்சிகளையும் நம்பிப் பயனில்லை என்று 1966இல் தனிக் கட்சி தொடங்கினார்கள். படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காகக் கட்சிக்கொரு சின்னம் வேண்டும் என்பது அலபாமாச் சட்டம், நம்மூர் போலவே. வெள்ளையர் கட்சியின் சின்னம் சேவல், அதன் மேல் வெள்ளை மேலாதிக்க முழக்கம். லவுண்ட்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்தது கருஞ்சிறுத்தை. அந்தச் சிறுத்தையை அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தங்கள் கட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைப் படித்துத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் தலித் பாந்தர்ஸைத் தொடங்கினார்கள். 80களில் மதுரையில் மலைச்சாமி அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் திருமாவளவன் கையில் அது விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. நம் சேரிச் சுவர்களில் வரைந்திருக்கும் சிறுத்தையின் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், குப்பை லாரியில் ஏற்றப்பட்ட அந்தப் பிள்ளைகளின் மாவட்டத்தில் போய் நிற்போம்.

1966 நவம்பரில் கருஞ்சிறுத்தைச் சின்னத்தில் நின்றவர்கள் எல்லோரும் தோற்றார்கள். மிரட்டல், நிலத்தைவிட்டு விரட்டுவேன் என்ற அச்சம், நிலக்காரர் தங்கள் கூலியாட்களை லாரியில் ஏற்றிவந்து போடவைத்த ஓட்டு. கூடாரத்தில் இருந்தவர்கள் கூடாரத்திலேயே இருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1970 தேர்தலில், கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹுலெட் லவுண்ட்ஸ் மாவட்டத்தின் ஷெரீப் ஆனார். ஹெய்ன்வில் சிறையின் சாவி அவர் கைக்கு வந்தது.